ஒரே மாதத்து மெட்டலையும் எலக்ட்ரானிக்கையும் ஒரே காது எடைபோட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு மாதத்தில் வெளியான மெட்டல், எலக்ட்ரானிக் ஆல்பங்களை ஒரே கட்டுரையில் விமர்சிக்கிறவர்கள் உண்மையிலேயே எல்லாவற்றையும் கேட்கிறார்களா, இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் எந்த அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள், நீங்களும் அப்படி எழுத வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது. கடைசியில் போகிற போக்கில், "எனக்குப் பாதி ஆல்பம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இரைச்சலாகக் கேட்பது இசையின் குறையா, உங்கள் காதின் குறையா, அல்லது கேட்ட விதத்தின் குறையா? பெரும்பாலும் மூன்றாவதுதான்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்பு மாஸ்டரிங். மிக்ஸ் முடிந்து வரும் பாட்டை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசி வேலை. மெட்டல் பேண்டுகளும் டெக்னோ செய்கிறவர்களும் மாறி மாறி வருவார்கள். அதனால் என் காதில் ஒலிதான் முதலில் விழும், பாடல் வரிகள் கடைசியில். வரிகளுக்காகவே மெட்டல் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பதில் பாதிதான் பயன்படும்.

எல்லாவற்றையும் கேட்கிறார்களா? இல்லை, யாராலும் முடியாது. இசைத் தரவு நிறுவனமான லூமினேட்டின் கணக்குப்படி 2024இல் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 99,000 புதுப் பாடல்கள் வந்து சேர்ந்தன. அதில் மெட்டலும் எலக்ட்ரானிக்கும் சிறு பங்குதான் என்றாலும், அந்தச் சிறு பங்கைக்கூட ஒரு ஆள் ஒரு மாதத்தில் கேட்டு முடிக்க வழியில்லை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள் என்று ஆனதால் வாரத்துச் சுமை முழுக்க ஒரே நாளில் வந்து விழுகிறது. ஆக விமர்சகர் கேட்பது ஏற்கெனவே வடிகட்டப்பட்ட ஒன்று. ஆல்பங்களை வெளியிடும் நிறுவனங்களான லேபிள்கள் முன்கூட்டியே அனுப்பும் பிரதிகள், நண்பர்களின் பரிந்துரை, பழைய பெயர்களின் மேல் உள்ள விசுவாசம் எல்லாம் சேர்ந்து அவருக்காக ஒரு பட்டியலைப் போட்டுவிடுகின்றன. 'இந்த மாதத்தின் சிறந்தவை' என்ற தலைப்பைப் பார்த்தால் 'என் மேசைக்கு வந்தவற்றில் சிறந்தவை' என்று வாசித்துக்கொள்ளுங்கள். அதை வெளிப்படையாகச் சொல்லும் விமர்சகரை நான் கூடுதலாக நம்புவேன்.

இனி இரைச்சலுக்கு வருவோம். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது கூடுதல் சத்தம் என்று நமக்குத் தோன்றாது. இதில் உயிர் அதிகம், தெளிவு அதிகம் என்றுதான் தோன்றும். சத்தம் கூடக்கூட அடி ஸ்வரங்களைக் காது அதிகமாகப் பிடிக்கும். குறைத்தால் முதலில் காணாமல் போவதும் அவைதான். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வளைகோடாக வரைந்துவிட்டார்கள். மெட்டலும் டெக்னோவும் அடி ஸ்வரத்தில் நிற்கும் இசைகள். சத்த அளவைச் சமன்செய்யாமல் இரண்டை ஒப்பிட்டு எழுதினால் நீங்கள் விமர்சிப்பது மாஸ்டரிங் செய்த ஆள் லிமிட்டரை (சத்தத்தின் உச்சங்களை அமுக்கி மொத்தத்தை ஏற்றும் கருவி) எவ்வளவு அழுத்தினார் என்பதை மட்டும்தான்.

சமன்செய்ய இன்று வசதி இருக்கிறது. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற தரநிலை, மனிதக் காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் முறையைக் கொடுத்தது. எல்யுஎஃப்எஸ் என்று நாங்கள் சொல்லும் அலகு அதிலிருந்து வந்ததுதான். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் அளவுக்குப் பாடல்களைக் கொண்டுவருகிறது. இன்றைய மெட்டல் ஆல்பம் ஒன்று மைனஸ் 8 அளவில் இருப்பது சாதாரணம். அதை அந்தத் தளம் ஆறு டெசிபல் இறக்கிவிடும். கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்த இறக்கம் கிடையாது. காலையில் ஒரு ஆல்பத்தை ஸ்பாட்டிஃபையிலும் மாலையில் இன்னொன்றை பேண்ட்கேம்பிலும் கேட்டுவிட்டு இரண்டாவதில் வேகம் அதிகம் என்று எழுதினால், அந்த வேகத்தில் எவ்வளவு இசையுடையது என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு இலவச அளவி போதும். அரை டெசிபலுக்குள் இரண்டையும் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். முதல் தடவை செய்யும்போது சில பிரியமான ஆல்பங்கள் சப்பென்று ஆகிவிடும், தயாராக இருங்கள்.

அடுத்தது எதில் கேட்கிறீர்கள் என்பது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இரண்டு வகை இசைக்கும் இடையே பெரிய அநியாயம் நடப்பது இங்கேதான். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. மெஷுகா போன்ற மெட்டல் பேண்டின் எட்டுக் கம்பி கிட்டாரில் அடிக் கம்பி சுமார் 44 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கணக்குப்படி அது போனில் கேட்கவே கூடாது. ஆனால் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அந்த ஸ்வரத்திலிருந்து 88, 132, 176 என்று மேல்நோக்கி ஏராளமான துணை அதிர்வுகளை உண்டாக்குகிறது. மேலே உள்ளவை போனில் வந்துவிடும், அடியில் இல்லாததை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். எதிரொலி நிறைந்த டெக்னோ வகையான டப் டெக்னோவில் 45 ஹெர்ட்ஸில் ஓடும் தூய சைன் அலைக்கு இந்த உதவி கிடையாது. மேலே துணை அதிர்வுகள் இல்லை, அதனால் போனில் அது வெறும் மௌனம். பேஸ் வரிதான் மெட்டாக இருக்கும் ஒரு பாட்டை அப்படிக் கேட்டவர் "வெறும் டிக் டிக்தான், ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிப் பாட்டு அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

சரி, ஒரே அளவுகோல் சாத்தியமா? இதற்கு ஒரு உண்மையான மாதத்தை எடுத்துக்கொண்டால்தான் பேச முடியும். நடப்பு மாதத்தை எடுத்தால் நம் இருவருக்கும் இன்னும் ஆறாத கருத்துகள் இருக்கும். அதனால் 2008 மார்ச்சுக்குப் போகலாம். மார்ச் 2ஆம் தேதி ட்ரென்ட் ரெஸ்னரின் அமெரிக்க ராக் பேண்டான நைன் இன்ச் நெய்ல்ஸ் 'கோஸ்ட்ஸ் 1–4' என்ற 36 கருவியிசைத் துண்டுகளை முன்னறிவிப்பே இல்லாமல் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டார்கள். மறுநாள் இங்கிலாந்தின் எலக்ட்ரானிக் இரட்டையரான ஆட்டெக்கரின் 'குவாரிஸ்டிஸ்' சிடியாக வந்தது. டவுன்லோடாக ஜனவரி கடைசியிலேயே கிடைத்துவிட்டது. மார்ச் 7இல் ஸ்வீடனின் மெஷுகா 'ஆப்ஸென்' ஆல்பத்தை வெளியிட்டது. ஒரே வாரத்துக்குள் மூன்று. மாதப் பத்தி எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

மேலோட்டமாகப் பார்த்தால் மெஷுகா மனிதர்கள் வாசிக்கும் கனமான இசை, ஆட்டெக்கர் கணினி இசை. உள்ளே போனால் கதை தலைகீழ். ஆப்ஸெனுக்கு முந்தைய ஆல்பமான 2005இன் 'கேட்ச் தர்ட்டி த்ரீ'யில் டிரம்ஸ் முழுக்க புரோகிராம் செய்யப்பட்டது. டிரம்மர் டோமஸ் ஹாகேயின் அடிகளையே சாம்பிளாக (பதிவிலிருந்து வெட்டிய ஒலித்துண்டு) எடுத்துத் தயாரித்த ஒரு மென்பொருளை வைத்து. ஆப்ஸெனில் அவர் மறுபடி உட்கார்ந்து கையாலும் காலாலும் வாசித்தார். குவாரிஸ்டிஸோ, ஷான் பூத், ராப் பிரவுன் இருவரும் கருவிகளை வைத்து நீண்ட நேரம் நேரடியாக வாசித்துப் பதிவு செய்து, அதிலிருந்து வெட்டியெடுத்த 20 துண்டுகள். வெட்டாத நிலையில் அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் அதே ஆண்டு வந்த துணை வெளியீட்டில் உள்ள 'பெர்லன்ஸ் சப்ரேஞ்ச் 6-36' கேளுங்கள், ஒரே டிராக் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆக அந்த வாரத்தில் இயந்திரம்போல ஒலித்தது மனிதர்கள் வாசித்தது. 'கணினி இசை' என்று அலமாரியில் வைக்கப்பட்டது விரல்கள் அந்த நேரத்தில் எடுத்த முடிவுகள். 'உயிர் இருக்கிறது', 'உயிர் இல்லை' என்று எழுதும் விமர்சனத்தை நான் உடனே மூடிவிடுவது இதனால்தான்.

ஆப்ஸெனில் 'ப்ளீட்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பவருக்கு அது ஏழு நிமிட இயந்திரத் துப்பாக்கிச் சத்தம். காலால் அடிக்கும் கிக்கும் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கோணல் வடிவத்தில் ஓடுகின்றன. அந்த வடிவம் நான்கு எண்ணிக்கைக்குள் சரியாக அடங்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் ஹாகேயின் வலது கையைக் கவனியுங்கள். சிம்பலில் சாதாரண நான்கு எண்ணிக்கை, அசையாமல். அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டத் தொடங்கினால் இரைச்சல் திடீரென்று நடையாக மாறும். தாளம் போட்டுக் கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுவதைப் பார்த்திருக்கிறேன். கை மாறாத எண்ணிக்கையைப் போட, மேலே வேறொன்று ஓடி, ஒரு இடத்தில் வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குவாரிஸ்டிஸின் கணிசமான பகுதியையும் இப்படியே கேட்கலாம்: அசையாதது எது, நகர்வது எது, இரண்டுக்கும் நடுவே உள்ள இறுக்கத்தை எவ்வளவு நேரம் தாங்கவைக்கிறார்கள். இரண்டு வகைக்கும் பொதுவாக நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இசையில், அடுத்த சுற்றையும் கேட்க வேண்டும் என்று நம்மைப் பிடித்துவைப்பது என்ன? பதில் ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபில்டர் மெல்லத் திறப்பதாக இருக்கலாம், டிரம்மர் இம்மியளவு பின்தங்குவதாக இருக்கலாம். கிடைத்தால் எழுத விஷயம் இருக்கிறது, கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அந்த ஆல்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

இது நானாக வலிந்து கட்டிய பாலம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் இதற்குச் சாட்சி. 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை, மெட்டலுக்கு அடித்தளமிட்ட பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்தது அங்கிருந்துதான். அதன் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987இல் அசுரவேக கிரைண்ட்கோர் பேண்டான நேப்பாம் டெத்தின் 'ஸ்கம்' அதே வட்டாரத்திலிருந்து வந்தது. அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக் அடுத்த ஆண்டே காட்ஃபிளெஷ் தொடங்கி, டிரம்மருக்குப் பதில் டிரம் மெஷினை வைத்தார். நேப்பாம் டெத்தின் டிரம்மர் மிக் ஹாரிஸ் வெளியேறி ஸ்கார்ன் என்ற பெயரில், எதிரொலியும் கனமான பேஸும் நிறைந்த டப் இசைப் பக்கம் போனார். 1994இல் டவுன்வர்ட்ஸ் லேபிளில் வந்த சர்ஜன் என்ற கலைஞரின் முதல் டெக்னோ தட்டு ஹாரிஸின் ஸ்டுடியோவில் பதிவானது. கிரைண்ட்கோரிலிருந்து டெக்னோவுக்கு அந்த ஊரில் நடந்தே போய்விடலாம். ஒரே பத்தியில் இரண்டையும் எழுதுவது இந்த வம்சாவளி தெரிந்தவர்களுக்கு விசித்திரமாகப் படாது.

ஆனால் எங்கே பொது அளவுகோல் உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அங்குல டெக்னோ தட்டில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வெறும் கிக் மட்டும் ஓடும். மெட்டல் கேட்பவர் 'தேவையில்லாத முன்னுரை' என்பார். அது டிஜே முந்தைய பாட்டோடு கலப்பதற்காக விட்ட இடம். வீட்டில் தனியாகக் கேட்பதற்குச் செய்ததே இல்லை. அதே மாதிரி 1994இல் வந்த, நார்வேயின் பிளாக் மெட்டல் பேண்டான டார்க்த்ரோனின் 'டிரான்ஸில்வேனியன் ஹங்கர்' நான்கு டிராக் கருவியில் பதிவானது, மெலிந்து, சலசலவென்று இருக்கும். கிளப் ஒலிக்குப் பழகிய காது 'பதிவு சரியில்லை' என்று சொல்லும். அந்தச் சலசலப்பை எடுத்துவிட்டால் ஆல்பமே இல்லை. எந்த அறைக்காக, எந்த நேரத்துக்காகச் செய்தது என்று கேட்காமல் ஒலித்தரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இனி உறுதியானதும் சந்தேகமானதும். ஒலித்தட்டில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம்: வேகம், அமைப்பு, அழுத்தம், எந்தக் கருவி எங்கே நிற்கிறது, முந்தைய ஆல்பத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது. பிடித்திருக்கிறதா என்பது உங்கள் சொந்த விஷயம், அதையும் தயங்காமல் சொல்லலாம். அந்த ஆல்பம் நிற்குமா என்பதை மட்டும் ஒரு மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழ் அப்போது கிழித்துத் தொங்கவிட்டது. கோஸ்ட்ஸின் கதை அதைவிட வேடிக்கை. 2008 மார்ச்சில் எல்லோரும் எழுதியது விற்பனை முறையைப் பற்றி: முதல் ஒன்பது துண்டு இலவசம், முழுத் தொகுப்பு ஐந்து டாலர், கையெழுத்திட்ட 300 டாலர் பதிப்பு 2,500 பிரதிகளும் சில நாட்களில் தீர்ந்தன. இசையைப் பின்னணி ஓவியம் என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்த விமர்சனங்கள் நிறைய. அப்புறம் நடந்தது என்ன? ட்ரென்ட் ரெஸ்னரும் அவரோடு கோஸ்ட்ஸை உருவாக்கிய அட்டிகஸ் ராஸும் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு இசையமைத்தபோது கோஸ்ட்ஸின் சில துண்டுகளை மறுவடிவம் செய்தார்கள். 2011இல் ஆஸ்கர் கிடைத்தது. 34ஆவது துண்டின் பாஞ்சோ போன்ற மீட்டலை நெதர்லாந்தில் ஒரு இளைஞர் சாம்பிள் எடுத்துப் பீட் ஆக்க, அதன் மேல் லில் நாஸ் எக்ஸ் பாடிய 'ஓல்ட் டவுன் ரோடு' 2019இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. இதை 2008இல் யார் எழுதியிருக்க முடியும்? எழுதியிருந்தால் அவரைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்போம்.

அதனால் மாதப் பத்தியில் மதிப்பெண் போடுவது எனக்குப் பிடிக்காது. பத்துக்கு 7.5 என்றால் அது எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே ஒரு வருடம் கழித்துத் தெரியாது. அதற்குப் பதில், இந்த ஆல்பத்துக்கு வாசகர் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று சொல்லுங்கள். ஒரு தடவை கேட்டால் போதுமா, ஹெட்போனோடு இரண்டு இரவு வேண்டுமா, ஒரே ஒரு பாட்டு மட்டும் போதுமா. வாசகருக்குத் தேவை அதுதான். மதிப்பெண் ஆசிரியர் கேட்டால்தான் போடுவேன், அரைமனதோடு.

நடைமுறைக்குச் சில விஷயங்கள். கேட்கும் வரிசை முக்கியம். ஊறுகாய் தொட்ட நாக்கில் பாயசம் எப்படி இருக்கும்? பிளாக் மெட்டல் முடிந்த கையோடு ஆம்பியன்ட் என்னும் அமைதியான எலக்ட்ரானிக் இசையைப் போட்டால் அப்படித்தான். அந்த ஆல்பம் தூங்கி வழிகிறது என்று எழுதிவிடுவீர்கள். நடுவில் காதுக்கு அரை மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். ஓய்வு ரசனைக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் வரையறையில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை தாங்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரத்தோடு அன்றைய கணக்கு முடிந்தது. மாதக் கடைசியில் ஆல்பங்களைச் சத்தமாக அடுக்கிக் கேட்கும் பழக்கம் விமர்சகர்களுக்கு உண்டு. காதில் ஒருமுறை நிரந்தரமான ரீங்காரம் தங்கிவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று தொடக்கத்துக்குப் போதும். எல்லா ஆல்பத்தையும் அதிலேயே கேளுங்கள். கருவியை மாற்றினால் ஒப்பீடும் மாறிவிடும். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைப் பட்டியலிலிருந்து மூன்று மெட்டல், மூன்று எலக்ட்ரானிக் எடுங்கள், பெயர் கேள்விப்படாத ஒருவராவது இரண்டிலும் இருக்கட்டும். முதல் தடவை எதையும் குறித்துக்கொள்ளாமல் முழுதாகக் கேளுங்கள். சத்தத்தைச் சமன்செய்து இரண்டாவது தடவை கேட்கும்போது பேனா எடுங்கள். லேபிள் அனுப்பும் அறிமுகக் குறிப்பை மட்டும், உங்கள் விமர்சனத்தை எழுதி முடித்த பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் அதில் உள்ள பெயரடைகள் உங்கள் வாக்கியங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கேட்காததையும் கேட்டதாக எழுதுவீர்கள்.